கழற்றி வைத்த சாய்வுப்பாதை

என் தொடை எலும்பு உடைந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உடைந்தது எனக்குத் தெரியாது. முதுகுத்தண்டு அடிபட்டவன் நான். தொப்புளுக்குக் கீழே தொட்டாலும் சுட்டாலும் தெரியாது. என்னைப் போல் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும், அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நாள் கிழமைகளை நான் தவறவிடுவதில்லை. ஆட்களைப் பற்றி எழுதும் இடங்களில் மட்டும் எனக்குக் கோபம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ரோலிங் மில்லில், தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி இடித்தது. பிழைத்த பிறகு அதே மில்லில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். எனக்குப் பழைய இடங்களில் பித்து. பழவேற்காட்டு ஏரி, அங்குள்ள டச்சுக்காரர் கல்லறைகள், கார்த்திகைக்குப் பிறகு வந்திறங்கும் பூநாரைகள் என்று ஊர்ப்பக்கத்து விஷயங்களைத் தேடிப் படிப்பேன், எழுதியும் வைப்பேன். ஆனால் படித்த இடங்களில் பாதிக்கு மேல் வாசலோடு திரும்பியிருக்கிறேன். எங்கே போனாலும் படி இருக்கும்.

வெங்கடேசு எங்கள் மில்லில் ஃபிட்டர். விபத்துக்குப் பிறகு என்னை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர்களில், வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்ந்து வந்தவன் அவன் ஒருவன்தான். வேலையை விட்டுவிட்டுப் பந்தல், பாத்திரம், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில் செய்தான். அதில் வந்ததைப் போட்டு ஏரிக்கரையில் தங்கும் விடுதி ஒன்று கட்டினான். கட்டும்போதே என்னிடம் வந்தான். "நைனா, உன்ன மாதிரி ஆளுங்களும் வந்து தங்கினு போட்டுல போய் பறவ பாக்கணும். நீ சொல்லு, நான் செய்றேன்" என்றான்.

அந்த ஆனியும் ஆடியும் எனக்கு அதுவே வேலை. வெள்ளம் ஏறக்கூடாதென்று விடுதியின் அடித்தளத்தை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்வு இருந்தால்தான் நாற்காலியைத் தானே உருட்டி ஏற முடியும். அப்படியே வரைந்து கொடுத்தேன். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கழிவறை அருகே பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், கட்டில் நாற்காலியின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கட்டிலும் நாற்காலியும் சமமாக இருந்தால் யாரையும் கூப்பிடாமல் நானே நகர்ந்து மாறிக்கொள்ளலாம். விபத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றில் பெரியது அதுதான். கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. காலையில் அதைச் செய்யும்போதுதான் நான் எழுந்ததாக எனக்குத் தோன்றும்.

சாய்வுப்பாதையை வழுக்காத மேடு வைத்த இரும்புத் தகட்டில் துண்டு துண்டாகச் செய்து, காங்கிரீட்டில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தான் வெங்கடேசு. உப்புக்காற்றில் வெல்டிங் விட்டுப்போகும், போல்ட் என்றால் துருப்பிடித்ததை மாற்றிக்கொள்ளலாம் என்று நானே அவனைப் பாராட்டினேன். திறப்பு விழாவில் அதிகாரிகள் வந்தார்கள். நான் தனியாக உருட்டி ஏறினேன். படம் எடுத்தார்கள். மீஞ்சூர் ஸ்டெல்லா எங்கள் நாற்காலிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவள், தையல் கடை வைத்திருக்கிறாள். அவளிடம், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். என் பேச்சை நம்பி, பொங்கல் முடிந்து குழுவோடு போவதென்று முடிவு செய்தார்கள்.

கார்த்திகை பிறந்த முதல் ஞாயிறு எங்கள் கல்யாண நாள். என் மனைவி கலைவாணி ஏரியைப் பார்க்க வேண்டும் என்றாள். வெங்கடேசிடம் சொல்லவில்லை. சொன்னால் பணம் வாங்கமாட்டான், விருந்து வைத்து அமர்க்களம் செய்வான். மற்றவர்கள் போவதுபோல் ஆட்டோவில் போய் இறங்கி, அறை கேட்டு, தங்கிவிட்டு வரலாம் என்று ஆசைப்பட்டோம்.

சாய்வுப்பாதை இருந்த இடத்தில் போல்ட்டுகள் மட்டும் காங்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

மேனேஜர் ஓடி வந்தார். முகூர்த்த வேலைக்கு ஜெனரேட்டரைக் குட்டி யானை வண்டியில் ஏற்றுவதற்குப் பலகையாக அதைக் கழற்றிக் கொண்டுபோயிருப்பதாகச் சொன்னார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் மாட்டி வைத்திருப்போம் என்றார். திரும்பிப் போய்விடலாமா என்று கலைவாணியைப் பார்த்தேன். புதுப்புடவை கட்டியிருந்தாள். அதற்குள் படகு ஓட்டும் ஆட்கள் நான்கு பேர் வந்துவிட்டார்கள்.

கால் வைக்கும் தட்டைப் பிடிக்காதீர்கள், அது கழன்றுவிடும், நாற்காலியின் சட்டத்தைப் பிடியுங்கள் என்று சொன்னேன். அவர்களில் மூத்தவர், "கவலப்படாத சார், அம்மன் தேரையே தோள்ல தூக்கினவங்க நாங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். கடைசிப் படிக்கு முந்தியதில் தட்டு கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. நாற்காலி முன்பக்கம் சாய்ந்து நான் நழுவினேன். இடது கால் எனக்கு அடியில் மடங்கியது. சிராய்ப்புகூட இல்லை. அவர்கள் பதறியதைப் பார்த்து, அம்மன் என்னைவிடக் கனம் குறைவு போல என்று சொல்லிச் சிரித்தேன்.

பிடித்துக்கொள்ள நான் கேட்டு வைத்த கழிவறைக் கம்பிகளில் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. இருந்தாலும் மாலையில் ஏரி அழகாக இருந்தது. இறால் நன்றாக இருந்தது. அன்றைய என் குறிப்பில் "வெயில். பூநாரை இன்னும் வரவில்லை. நல்ல நாள்" என்று எழுதியிருக்கிறேன். அதை நான் அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குளிப்பாட்டும்போதுதான் கலைவாணி பார்த்தாள். இடது முட்டிக்கு மேலே வீங்கி, தொட்டால் சுட்டது. எனக்கு லேசான காய்ச்சல். கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக உதறின. உணர்வில்லாத காலில் இப்படித் தசை தானாக இழுக்கும். அது வலியின் வேலையையும் செய்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உள்ளே எதுவோ சரியில்லை என்று கால் தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறது.

ஊரிலிருந்த சிறிய மருத்துவமனையில், காலில் இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம் என்றார்கள். அசையாத கால்களில் இரத்தம் தேங்கி, உள் இரத்தக்குழாயில் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்கள். கலைவாணி வெங்கடேசுக்குப் போன் செய்தாள். எங்கேயோ வேலையாக இருந்தவன் அப்படியே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வழி நெடுக நான் என் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூச்சும் சரியாக வருகிறதா என்று. கவரைப்பேட்டைப் பக்கம் போக்குவரத்தில் நின்றபோது கலைவாணி என் மார்பில் கையை வைத்து, வெங்கடேசிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டே, அவளும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கலைவாணியும் வெங்கடேசும் வெளி மேசையில் விவரம் சொல்ல நின்றார்கள். உள்ளே ஒரு நர்ஸ், வலி எவ்வளவு என்று காட்டச் சொல்லி ஓர் அட்டையை நீட்டினார். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரிசையாக வரைந்திருந்தது. நான் சிரிக்கும் முகத்தைக் காட்டினேன். அப்படியானால் அவசரம் இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நடைபாதையில் வெகுநேரம் கிடந்தேன். டாப்ளர் என்ற பரிசோதனைக்கு ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். விசைப்படகில் மீன் கூட்டத்தைத் தேடும் கருவி போல, ஒலியை அனுப்பி இரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. வலிக்காது என்று எல்லாரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார்கள். கட்டி எதுவும் இல்லை. கலைவாணி நின்ற இடத்திலேயே கைகூப்பினாள்.

பிறகு எக்ஸ்ரே. மேசை உயரமாக இருந்தது. எழுந்து ஏறுங்கள் என்றார் அங்கிருந்தவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். படத்தில் முட்டிக்குச் சற்று மேலே தொடை எலும்பு உடைந்து, ஒரு துண்டு மற்றதன்மேல் ஏறியிருந்தது. நிற்காத கால்களில் எலும்பு ஆண்டுக்கு ஆண்டு சுண்ணாம்புச் சத்தை இழந்து மெலிந்துவிடும் என்றும், நல்ல காலில் வெறும் சுளுக்காகப் போயிருக்கக்கூடியது என் காலில் முறிவாகிவிட்டது என்றும் விளக்கினார்கள்.

மறுநாள் எலும்பு மருத்துவர் வந்தார். நடுவயதுப் பெண்மணி, பேச்சில் அவசரம் கிடையாது. முறிவை விளக்கிவிட்டு, "கட்டில்ல இருந்து நாற்காலிக்கு நீங்களா மாறும்போது விழுந்தீங்க. இல்லையா? இது இனிமே வேண்டாம் சார். ரெண்டு பேர் தூக்கித்தான் மாத்தணும். அடுத்த எலும்பும் இப்படித்தான் போகும்" என்றார்.

நான் கட்டிலிலிருந்து விழவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கலைவாணி குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைச் சொன்னது அவள்தான் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் நினைத்தேன். மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"நீ சொன்னியா?" என்று கேட்டேன்.

"வெங்கடேசு அண்ணன்தான் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்" என்றாள். வேறு இடத்தில் அடிபட்டது என்றால் போலீஸுக்குத் தகவல் போகும், அவர்கள் வந்து கேட்டு முடிக்கும்வரை வைத்தியம் தள்ளிப்போகும் என்று வெங்கடேசு சொன்னானாம். முன்பணமும் அவனே கட்டினானாம். "கட்டியோ இன்னாவோன்னு எனக்கு உயிரே இல்ல. எப்டி விழுந்தா இன்னான்னு இருந்துச்சு. நீங்க மூச்சு உடணும், அவ்ளோதான்" என்றாள்.

அவளை நான் திட்டவில்லை. ஆனால் அன்று அவள் ஊட்டிய இட்லியைச் சாப்பிடவும் இல்லை. இத்தனை வருடத்தில் என்னைக் கேட்காமல் என் உடம்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடக்காத காலுக்கு ஆபரேஷன் எதற்கு என்று உறவினர் சிலர் கேட்டார்கள். மருத்துவரே பதில் சொன்னார். கோணலாகச் சேர்ந்தால் முட்டி மடங்காது, மடங்காவிட்டால் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியாது, உட்காரும் கோணல் புண்ணில் போய் முடியும். எலும்புக்குள் ஒரு தண்டைச் செலுத்தி இருபுறமும் திருகு போட்டார்கள். எனக்குக் கத்தியைப் பற்றிய பயம் இல்லை. மாவுக்கட்டுப் போட்டுவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். உணர்வில்லாத காலில் கட்டு அழுத்தினால் தெரியாது. பிரிக்கும்போது குதிகாலில் குழி விழுந்திருக்கும். கலைவாணி காலையும் மாலையும் என் குதிகாலுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்த நாட்களிலும் அதை விடவில்லை.

பிசியோதெரபிஸ்ட் வந்தபோது இரண்டு உதவியாளர்களையும் அழைத்து வந்தார். நான் கையை ஊன்றினேன். கையை எடுங்கள் என்றார். கட்டிலிலிருந்து விழுந்தவர், தானாக மாறக்கூடாது என்று உத்தரவாம். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து மூட்டையைப் போல என்னை நாற்காலியில் இறக்கினார்கள். என்னைத் தூக்கிக் கீழே போட்டதால் உடைந்த எலும்புக்கு, இனி வாழ்நாள் முழுவதும் தூக்கிவைக்க வேண்டும் என்று தீர்ப்பு. வீட்டுக்குப் போனாலும் இதுதான். மகனும் மருமகளும் முறை போட்டுக்கொள்வதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அன்புடன்தான்.

வெங்கடேசு அன்று மாலை ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தான். உட்கார்ந்ததும் கண் கலங்கினான். நடிப்பில்லை. அவனை எனக்குத் தெரியும்.

"இன்னா நைனா இப்டி பண்ட்ட. ஒரு போன் பண்ணிட்டு வந்துருக்கக்கூடாதா? மாட்டி வச்சிருப்பேன்ல" என்றான்.

போன் செய்யாமல் வரும் ஆளுக்கு அது இருக்க வேண்டாமா என்று கேட்டேன். அதை வெல்டிங் வைத்து நிரந்தரமாக்கு, பொங்கலுக்குப் பிறகு ஸ்டெல்லா ஆட்கள் வருகிறார்கள் என்றேன்.

"அவங்க வர்றன்னிக்கு கண்டிப்பா இருக்கும். வெல்டிங்லாம் வச்சா பந்தல் வேலைக்கு இன்னா பண்றது? வாராவாரம் முகூர்த்தம். உங்காளுங்க வருஷத்துல ஒருக்கா வருவாங்க." என் கையைத் தட்டினான். "மில்லுல நாம பண்ணாததா நைனா? ஆடிட் வர்றன்னிக்கு கைப்புடி மாட்டுவோம், போனதும் ஸ்டோர்ல போடுவோம். உனக்குத் தெரியாதா இன்னா."

எனக்குத் தெரியும். ஆய்வு நாளில் கிரேன் மேடையைச் சுற்றிக் கைப்பிடி முளைக்கும். மஞ்சள் கோடு பளபளக்கும், முதலுதவிப் பெட்டி நிறைந்திருக்கும். அதிகாரி கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றும் சத்தம் கேட்கும். எங்கள் பக்கத்து மில்களில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் எத்தனையோ முறை பேசிச் சிரித்திருக்கிறோம். ஆனி ஆடி முழுக்க நான் வரைந்து கொடுத்ததும், அவன் "சொல்லு, நான் செய்றேன்" என்றதும், எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கின்றன. அவன் எனக்காகப் பாதை போட்டான் என்று நான் நினைத்திருந்தேன். அவனோ வந்து பார்த்துவிட்டுப் போகும் அதிகாரியாக என்னை வைத்திருந்தான்.

"ஸ்டெல்லாகிட்ட ஒண்ணியும் சொல்லிக்காத. ஊட்ல விழுந்தேன்னு சொல்லு. பேரு கெட்டுடும்" என்றான் எழும்போது. முன்பணம் கட்டியதை அவன் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் பேசிய அவ்வளவு நேரமும் கலைவாணி கால்மாட்டில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் போனதும் தட்டை அப்படியே மூடி வைத்தாள்.

மறுநாள் காலை மருத்துவர் வந்தபோது நான் பேசத் தொடங்குவதற்குள் அவள் முன்னே வந்து நின்றாள். "மேடம், இவரு கட்டில்ல இருந்து விழல. ஏழு வருஷமா தானாதான் மாறிக்கினு இருக்காரு, ஒரு நாளும் விழுந்ததில்ல. லாட்ஜில படி ஏத்துறேன்னு நாலு பேரு தூக்கினாங்க. கீழ போட்டுட்டாங்க. அன்னிக்குப் பொய் சொன்னப்ப நானும் கூட நின்னேன்."

மருத்துவர் என் கேஸ் தாளைப் புரட்டிப் பார்த்தார். இதை இப்போது மாற்றி எழுதினால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்றார். போகட்டும் என்றேன் நான். பிறகு என் தோள்களையும் உள்ளங்கைக் காய்ப்பையும் தொட்டுப் பார்த்தார். "அப்ப உங்களைத் தூக்கக் கூடாதுன்னுதான் நான் எழுதணும்" என்றார். பிசியோதெரபிஸ்டிடம் எனக்கு வழுக்குப் பலகை ஒன்று தரச் சொன்னார். வழவழப்பான நீண்ட பலகை அது. ஒரு முனையைக் கட்டிலிலும் மறுமுனையை நாற்காலியிலும் வைத்தால், உடைந்த காலுக்கு அழுத்தம் இல்லாமல் அதன்மேல் அமர்ந்தபடியே நகர்ந்துவிடலாம். அன்று மதியம் கலைவாணி ஊட்ட வந்தபோது கிண்ணத்தை என் கையில் வாங்கிக்கொண்டேன். அவளையும் சாப்பிடச் சொன்னேன்.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வார்த்தையை நம்பவைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் வழக்கம்போல் சிரித்தாள். "சொல்லிட்டுப் போனா மாட்டி வைப்பாங்க, கெளம்பினா கழட்டிடுவாங்க. பொண்ணு பாக்க வர்ற ஊடு மாதிரியாண்ணே? அந்த சோபாவே பக்கத்து ஊட்டு சோபாவா இருக்கும்" என்றாள். பிறகு குரல் மாறி, எங்கள் ஆட்கள் யாரும் அங்கே போக மாட்டார்கள் என்றாள். வேறு எங்கே போவது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். தூக்கிய நான்கு பேர்மீது எனக்குப் புகார் இல்லை என்றும், தூக்கும் நிலைமையை உண்டாக்கியது யார் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் எப்படி எழுதினார் என்று தெரியாது. வெங்கடேசு அதன்பிறகு வரவில்லை.

மார்கழி பிறந்து, ஒரு வியாழக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாடகைக் கார் போர்டிகோவில் நின்றது. அதன் பக்கத்தில், விடுதிப் படகுக்காரர்கள் நான்கு பேரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். என்னைக் காரில் ஏற்றிவிட வெங்கடேசு அனுப்பியிருந்தான். விடியற்காலையிலேயே பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு, "தப்பு எங்களுதுதான் சார். இந்தவாட்டி பத்திரமா தூக்குறோம்" என்றார்.

உங்கள்மீது தப்பு இல்லை என்றேன். கார்க் கதவை முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னேன். கலைவாணி பலகையை நாற்காலிக்கும் இருக்கைக்கும் இடையில் வைத்து, காலைத் தூக்கி நேராக்கிவிட்டு, ஒதுங்கிக்கொண்டாள். இருக்கை நாற்காலியைவிடக் கொஞ்சம் உயரம். இத்தனை நாள் படுத்திருந்ததில் கைகள் நடுங்கின. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். நான்கு பேரும் ஒரே சமயத்தில் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"இப்ப நாங்க இன்னா சார் பண்றது?" என்றார் மூத்தவர்.

"ஒண்ணும் பண்ணாதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

தள்ளி நின்றார்கள். நான் மறுபடி கையை ஊன்றினேன். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. வாயிற்காவலர் வந்து பார்த்துவிட்டுப் போனார். உள்ளே போய்ச் சேர்ந்து, சட்டையின் முதுகு நனைந்திருக்க, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கலைவாணியின் போன் அடித்தது. வெங்கடேசு. எடுப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நான் பெல்ட்டின் கொக்கியை அழுத்தி மாட்டினேன். எடுத்தாள். ஆட்கள் வந்தார்களா என்று அவன் கேட்பது எனக்கும் கேட்டது.

"வந்தாங்க. தேவப்படல" என்றாள்.